பச்சமொளகாவின் பின்னூட்டங்கள்

காலை பத்து மணிக்கு ஆரிபா நீக்கிய பின்னூட்டம், மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது 'நான்மாடம்' தளத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எழுத்து மாறவில்லை, புள்ளி மாறவில்லை. கீழே நான்கு பேர் வந்து சிரித்துவிட்டும் போயிருந்தார்கள்.

தளத்தில் ஏதோ கோளாறு என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. வீடு கோரிப்பாளையத்தில். கணவன் அசீம் அங்கேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். பஸ்ஸில் பார்த்தது, அலுவலகத்தில் கேட்டது, வீட்டில் கருகியது என்று ஆறு வருடமாக வலைப்பதிவு எழுதிவந்தாள். மதுரையில் இப்படி எழுதுகிற எழுபது எண்பது பேரின் பதிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்துக் காட்டுகிற திரட்டிதான் நான்மாடம். பாதிப்பேர் முகநூலுக்குக் குடிபோன பிறகும் மிச்சமிருந்தவர்களுக்கு அதுதான் டீக்கடை, அதுதான் திருமண மண்டபம்.

அதை ஆரம்பித்தவர் ஹாலாஸ்யம். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் சுற்றறிக்கை எழுதிய கை. யாராவது 'நல்ல பதிவு' என்று இரண்டு வார்த்தை போட்டால் மூன்று பத்தியில் நன்றி சொல்வார். கோயில் கல்வெட்டுகள் பற்றி வாரம் ஒரு கட்டுரை எழுதுவார். எல்லாரும் அவரை 'சார்' என்றார்கள். போன வருடம் அவர்தான் ஆரிபாவை மட்டுறுத்துநராகப் போட்டார். வாசகர்கள் போடுகிற பின்னூட்டங்கள் எல்லாம் முதலில் ஒரு வரிசையில் காத்திருக்கும். ஹாலாஸ்யம், ஆரிபா, தளத்தைக் கட்டிக்கொடுத்த மென்பொருள்காரன் அருள்பாண்டி ஆகிய மூவரில் ஒருவர் வாசித்து அனுமதித்தால்தான் வெளியே வரும். சம்பளம் கிடையாது. ஆனால் பொறுப்பு ஏற்ற அன்று சார் போனில் அரைமணி நேரம் ஜனநாயகம் பற்றிப் பேசினார்.

அன்று அவள் நீக்கிய பின்னூட்டம் பிரியம்வதாவின் பதிவுக்கு வந்தது. பிரியம்வதா சமயநல்லூரில் இருந்து தினமும் ஸ்கூட்டரில் நகரத்துக்கு வந்து போகிற பள்ளி ஆசிரியை. கணவனைப் பிரிந்து தாயோடு இருந்தாள். வழி நெடுக ஒரு கழிப்பறை கிடையாது, அதனால் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாள். உள்ளதைச் சொன்ன பதிவு, அழவில்லை, கத்தவில்லை. அதற்கு 'பச்சமொளகா' என்ற பெயரில் ஒருவன் எழுதியிருந்தான்: "டீச்சரம்மா வழியில் எங்கெங்கே வண்டியை நிறுத்துகிறார், யாருக்காக நிறுத்துகிறார் என்றும் எழுதினால் வாசகர்களுக்குப் பயன்படும். புருஷன் எதற்காக விட்டுவிட்டுப் போனான் என்பதும் விளங்கிவிடும்."

ஆரிபா அதை மறுபடி நீக்கினாள். சாயந்திரம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பார்த்தால் மறுபடி இருந்தது.

அருள்பாண்டிக்குப் போன் போட்டாள். அவன் யாரையும் பகைத்துக்கொள்ளாதவன் என்று பேர் வாங்கியவன். அதாவது, யாருக்காகவும் வாய் திறக்காதவன்.

"தளத்துல எதுவும் கோளாறாப்பா? நான் தூக்குனது எல்லாம் திரும்பி வருது."

"கோளாறு எல்லாம் இல்லக்கா."

"அப்புறம்?"

"அக்கா, டெக்னிக்கலா என்ன வேணும்னாலும் கேளுங்க. மத்த வெவகாரத்துக்கு என்னைய இழுக்காதீக."

"டெக்னிக்கலாவே கேக்குறேன். யாரு வெளியிட்டதுன்னு எங்கயாச்சும் பதிவாகுமா?"

"லாக்னு ஒரு பக்கம் இருக்கு. மட்டுறுத்துநர் எல்லாரும் பாக்கலாம். இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல, அம்புட்டுத்தான்."

அந்தப் பக்கத்தை ஆரிபா வீட்டுக் கணினியில் திறந்தாள். எந்தப் பின்னூட்டம், எப்போது வந்தது, யார் நீக்கினார், யார் வெளியிட்டார் என்று வரிசையாக இருந்தது. கடந்த ஐந்து மாதத்தில் பச்சமொளகா எழுதியதில் அவள் நீக்கியவை நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றும் மறுபடி வெளியாகியிருந்தன. நீக்கியதை மறுபடி போய்ப் பார்க்கும் வழக்கம் அதுவரை அவளுக்கு இருந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே பெயர்: ஹாலாஸ்யம்.

இன்னும் கீழே போனாள். சாரும் பின்னூட்டங்களை நீக்கியிருந்தார். மொத்தம் ஒன்பது. ஒன்பதும் அவருடைய சொந்தக் கட்டுரைகளுக்கு வந்தவை. கல்வெட்டில் உள்ள வருடத்தைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள் ஐயா என்று கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பணிவாகச் சொல்லியிருந்ததும் அதில் ஒன்று. ஆரிபாவுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். கடையில் இருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அசீம், "என்ன புள்ள, தனியாச் சிரிக்கிற?" என்றான்.

"சார் ஒரு ஆளுன்னு இம்புட்டு நாளா நம்புனேன்ல, அதுக்குச் சிரிக்கிறேன்."

மறுநாள் அவருக்குப் போன் செய்தாள். அவர் கொஞ்சமும் பதறவில்லை. பதறியிருந்தாலாவது மன்னித்திருப்பாள்.

"ஆமாம்மா, நான்தான் வெளியிட்டேன். கருத்துக்குப் பதில் கருத்துதான், கத்தரிக்கோல் இல்ல. நீங்க கொஞ்சம் எமோஷனலா பாக்கறேள்."

"சார், அது கருத்தா? ஒரு பொம்பள கக்கூஸ் இல்லைன்னு எழுதுனா, அவ யாரோட போறான்னு கேக்குறதுக்குப் பேரு கருத்தா?"

"அந்தப் பையனுக்கு ஒரு நகைச்சுவை உணர்வு இருக்கு. அவன் வந்தாதான் தளமே கலகலன்னு இருக்கு. அவன் பின்னூட்டம் போட்ட பதிவுக்கு நானூறு ஐநூறு பேர் வரா. நம்ம கல்வெட்டுக்கு எத்தனை பேர் வரான்னு உங்களுக்கே தெரியும்."

அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. திண்டாடுகிற கடைக்காரன் வாசலில் ஒலிபெருக்கி வைப்பது போல அவர் அந்த ஆளை வைத்திருந்தார். அதற்கு ஜனநாயகம் என்று பெயரும் வைத்திருந்தார். ஆரிபா போனை வைத்துவிட்டாள். பிறகு பச்சமொளகாவின் கணக்கையே தடை செய்தாள்.

இரண்டு மணி நேரத்தில் தடை நீங்கியது. அன்று மாலையே ஹாலாஸ்யம் 'கத்தரிக்கோல் கலாசாரம்' என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் யார் பெயரும் இல்லை. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவருக்கும் அது யாரைப் பற்றியது என்று புரியும். முந்நூற்றுப் பன்னிரண்டு பின்னூட்டம். பச்சமொளகா இப்போது ஆரிபா பக்கம் திரும்பினான். "புர்காவுக்குள்ளிருந்து கத்தரி நீள்கிறது, ஆண்கள் ஜாக்கிரதை" என்பதுதான் அவன் எழுதியதில் நாகரிகமானது. ஆரிபா புர்கா போடுவதில்லை என்பது அவளோடு மூன்று பதிவர் சந்திப்புகளில் சேர்ந்து சாப்பிட்ட எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதைக்கூடச் சொல்லவில்லை.

அவளுக்கு அவனைவிட அவர்கள் மீதுதான் எரிச்சல். வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அவளை அழைத்த கவிஞர் ஒருவர், 'இரு தரப்பிலும் நியாயம் உண்டு' என்று பத்து வரிக் கவிதை எழுதினார். இன்னொருவர், சண்டை ஓய்ந்த பிறகு சொல்லியனுப்புங்கள், நான் குற்றாலம் போகிறேன் என்றார். பெண்ணுரிமை பற்றித் தொடர் எழுதிய ஒரு மருந்துக்கடை முதலாளி அந்த மாதம் முழுக்கச் சர்க்கரை நோய் பற்றியே எழுதினார். நடுநிலை என்று சொல்லிக்கொண்டு வேலி மேல் உட்கார்ந்திருக்கிற இத்தனை பேருக்கும் குத்தாமல் இருப்பதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

"விட்டுத் தள்ளு புள்ள. பொழப்பத்தவனுக" என்று அசீம் முதலில் சொன்னான். பிறகு ஒருநாள் கடையில் கூட்டமில்லாதபோது போனில் அந்தப் பின்னூட்டங்களை முழுக்கப் படித்திருக்கிறான். அன்று மதியம் சாப்பிட வந்தவன் பாதியில் எழுந்துவிட்டான். "இவன் யாருன்னு மட்டும் சொல்லு. நம்ம கோரிப்பாளையத்துப் பயலுகளக் கூட்டிட்டு வாரேன்" என்றான்.

"நீங்க சும்மா இருங்க. அவனை அடிச்சா அவன் தியாகி ஆயிருவான். சாரு அதுக்கும் ஒரு கட்டுரை எழுதுவாரு."

இதற்கிடையில் பிரியம்வதா தன் வலைப்பதிவையே அழித்துவிட்டாள். நான்கு வருடத்தில் எழுதிய நூற்று அறுபது பதிவுகளும் ஒரே நாளில் காணாமல் போயின. ஆரிபா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சமயநல்லூருக்குப் போனாள். பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த வீடு. பிரியம்வதா விடைத்தாள் கட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அழுத முகமில்லை. தூங்காத முகம்.

"அழிக்கணுமாடி? நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"எட்டாங்கிளாஸ்ல ஒரு பையன் எழுந்து நின்னு கேட்டான்க்கா. மிஸ், பச்சமொளகா யாருன்னு. கிளாஸே சிரிச்சுச்சு." அவள் சிவப்புப் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். "அன்னிக்குச் சாயங்காலம் ஹெட்மாஸ்டர் கூப்புட்டாரு. யாரோ அதை எல்லாம் பிரிண்ட் எடுத்து ஸ்கூலுக்குத் தபால்ல அனுப்பியிருக்காங்க. அவரு நல்லவர்தான், ஒண்ணும் சொல்லல. ஆனா படிச்சுட்டுத்தான கூப்புட்டிருக்காரு? அவரு மூஞ்சியப் பாத்து எப்படிக்கா நான் டீ குடிக்கிறது?"

"நீ ஏன் கூசணும்?"

"கூசக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். கூசுதே."

ஆரிபா டீயைக் குடித்துவிட்டு, பிரியம்வதாவின் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள். வழி நெடுக அவள் ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்கவில்லை.

அந்த வருடப் பதிவர் சந்திப்பு வந்தது. நாகமலை புதுக்கோட்டையில் ஓர் ஓட்டலின் மாடி ஹால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அழைப்பில் 'சமாதான அமர்வு' என்று தனியாக ஒரு வரி இருந்தது. அதைவிடப் பெரிய செய்தி, பச்சமொளகா முதன்முறையாக நேரில் வருகிறார் என்பது. நாற்பது பேர் வரும் சந்திப்புக்கு எழுபது பேர் வந்தார்கள்.

வந்தவனைப் பார்த்ததும் ஆரிபாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முப்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெளிர் நீலச் சட்டை, நெற்றியில் சின்னதாகத் திருநீறு. பெயர் சாய்ராம். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை. ஹாலில் இருந்தவர்கள் மாப்பிள்ளை வந்ததுபோல எழுந்து நின்றார்கள். கவிஞர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். 'மாப்ள, நீதானா அது' என்று மருந்துக்கடைக்காரர் கட்டிப்பிடித்தார். அவன் நேராக ஆரிபாவிடம் வந்து கைகூப்பினான்.

"அக்கா! நீங்களா? உங்க எழுத்துக்கு நான் பெரிய ரசிகன்க்கா. கல்லூரி ஆபீஸ் பத்தி எழுதுவீங்களே, விழுந்து விழுந்து சிரிப்பேன்."

"அப்ப அது?"

"எது?"

"என்னையப் பத்தி எழுதுனது."

"அய்யோ அக்கா, அது சும்மா ஜாலிக்கு. மனசுல ஒண்ணும் கிடையாது."

அவன் நிஜமாகத்தான் சொன்னான். அவன் மனதில் ஒன்றுமே கிடையாது. இந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துப் பயந்தா, ஏற்கெனவே தண்ணீர் குடிப்பதை விட்டிருந்த ஒருத்தி எழுத்தையும் விட்டாள் என்று நினைத்த ஆரிபா, திரும்ப வணக்கம் வைக்காமல் போய் உட்கார்ந்தாள்.

ஹாலாஸ்யம் ஒலிவாங்கியைப் பிடித்தார். முன்வரிசையில் அவருடைய மனைவி பட்டு, அவருக்கான காப்பி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவரின் தளத்தை அவர் பார்த்ததே இல்லை. கல்வெட்டு ஆராய்ச்சி என்றுதான் அவருக்குத் தெரியும். சார் கால் மணி நேரம் சகிப்புத்தன்மை பற்றிப் பேசிவிட்டு, விஷயத்துக்கு வந்தார். தடை செய்ததற்கு ஆரிபா ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிடலாம், சாய்ராம் பெருந்தன்மையோடு கைகுலுக்குவார், எல்லாரும் சாப்பிடப் போகலாம்.

கைதட்டினார்கள்.

ஆரிபா எழுந்து மேடைக்குப் போனாள். கைப்பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்தாள். லாக் பக்கத்தையும் நாற்பத்தொரு பின்னூட்டங்களையும் அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வைத்திருந்தாள்.

"வருத்தம் தெரிவிக்கிறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி. இந்த முதல் பக்கத்த மட்டும் நீங்க மைக்குல வாசிச்சுருங்க. எதை எல்லாம் நான் தூக்குனேன்னு இவுகளுக்கும் தெரியட்டும்."

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளைப் பார்த்தார். முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது.

"இதெல்லாம் எதுக்கும்மா இப்ப?"

"கருத்துன்னு சொன்னீங்கள்ல? கருத்த வாசிக்கலாம்ல?"

"பெரியவா, லேடீஸ் எல்லாம் இருக்கற சபை..."

"சபையில வாசிக்க முடியாததை எப்படி சார் சபையில போட்டீங்க? நான் நாப்பத்தொரு தடவ எடுத்தேன். நாப்பத்தொரு தடவயும் உங்க வெரலாலதான் திரும்பப் போட்டிருக்கீங்க. எதிர்த்தாப்புல உங்க பேரு இருக்கு, பாருங்க. அவனாவது ஒரு பொய்ப் பேருல எழுதுனான். நீங்க சொந்தப் பேருலயே வெளியிட்டிருக்கீங்க."

சாய்ராம் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். கவிஞர் சீலிங் ஃபேனைப் பார்த்தார். அருள்பாண்டி கம்ப்யூட்டர் வயரைச் சுற்றத் தொடங்கினான். அது ஏற்கெனவே சுற்றித்தான் இருந்தது.

"சார் வாசிக்கலைன்னா சாய்ராம் தம்பி வாசிக்கட்டும். ஜாலிக்கு எழுதுனதுதான?"

அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் ஒரு பக்கமாகப் போனது.

அப்போது பட்டு எழுந்தார். பிளாஸ்க்கை நாற்காலியில் வைத்துவிட்டு, மேடைக்கு வந்து கணவர் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டார். ஒலிவாங்கியில் வாசிக்கவில்லை. நின்றபடியே தனக்குள் வாசித்தார். மூன்று பக்கத்தையும் அவசரப்படாமல், அரிசியில் கல் பார்ப்பது போல வாசித்தார். ஹாலில் கரண்டிச் சத்தம் மட்டும் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது.

"இது எல்லாத்தையும் நீங்க படிச்சேளா?"

"அது வந்து பட்டு, டெக்னிக்கலா..."

"படிச்சேளான்னு கேட்டேன்."

"படிச்சுட்டுத்தான்..."

"படிச்சுட்டுத்தான் போட்டேள்." அவர் தாள்களை நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். ஆரிபாவைப் பார்த்தார். "அந்த டீச்சர் வந்திருக்காளா?"

"இல்ல மாமி. அவ எழுதுறதையே விட்டுட்டா."

பட்டு தலையை ஆட்டினார். "நான் ஆட்டோல போறேன். நீங்க உங்க சமாதானத்த முடிச்சுண்டு வாங்கோ" என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பிளாஸ்க் நாற்காலியிலேயே இருந்தது.

யாரோ, "சாப்பாடு ஆறிரும்ணே" என்றார்கள். அவ்வளவுதான். எழுபது பேரும் பசியோடு இறங்கினார்கள். இனிப்பு, இரண்டு பொரியல், அப்பளம். சாய்ராம் பக்கத்தில் மட்டும் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லாம் தூரத்து மேசையில் இடம் பிடித்திருந்தார்கள். ஆரிபா சாப்பிடாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அந்த வாரம் சந்திப்பைப் பற்றிப் பதினேழு பதிவுகள் வந்தன. ஆரிபா எல்லாவற்றையும் படித்தாள். பதினான்கில் பூசணி அல்வா பாராட்டப்பட்டிருந்தது. இரண்டில் 'ஒரு சிறு சலசலப்பு' என்று ஒரு வரி. மீதி ஒன்று கவிஞருடையது; ஒரு பெண் சபையில் குரல் உயர்த்துவது தமிழ்ப் பண்பாடா என்று கேட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை மட்டுறுத்துநர் பட்டியலிலிருந்து அவள் பெயர் நீக்கப்பட்டது. காரணம் எழுதப்படவில்லை. கத்தரிக்கோலை எதிர்த்தவர்கள் நறுக்குவதில் நல்ல தேர்ச்சிதான் பெற்றிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து அருள்பாண்டியே போன் செய்தான். குரலில் ஒரு குஷி.

"அக்கா, தளத்தப் பாத்தீகளா? பின்னூட்டமே இல்ல. ஒரு நாளைக்கு நாலு வந்தா அதிசயம்."

"ஏன், உங்க பச்சமொளகா எங்க?"

"அவன் எழுதுறான்க்கா, வெளியதான் வர மாட்டேங்குது. மாமி பக்கத்துல சேர் போட்டு உக்காந்துக்கிறாங்களாம். வர்ற ஒவ்வொண்ணையும் சாரு சத்தமா வாசிக்கணுமாம். வாசிக்க வாய் வரலைன்னா தூக்கிரணுமாம். சாரு பாதிக்குத் தொண்டையச் செருமிட்டுத் தூக்கிர்றாரு." அவன் சிரித்தான். "அந்தக் கல்வெட்டு வருஷத்தையும் திருத்திட்டாரு. பேராசிரியர் சொன்னத மாமி படிச்சுட்டாங்க போல."

"நீ அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இம்புட்டு தூரம் வந்திருக்காதுல்ல அருள்?"

அவன் சிரிப்பு நின்றது. "வைக்கிறேன்க்கா" என்றான்.

பிரியம்வதா திரும்பி வரவில்லை. பட்டு தாமாகவே தேடிப்பிடித்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார், தபாலில், மன்னிப்பு கேட்டு. பிரியம்வதா அதை ஆரிபாவுக்குப் படித்துக்காட்டினாள். "எழுதவேண்டியவரு எழுதலையேக்கா" என்றாள். மறுபடி எழுத ஆரம்பி என்று ஆரிபா நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள். "எனக்கு வேணாம்க்கா. தோணுறத உங்ககிட்ட போன்ல சொல்லிர்றேன்" என்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் ஆரிபாவுக்கு நிஜமான கோபம் வந்தது. நன்றாக எழுதிய ஒருத்தியை எழுதவிடாமல் ஆக்கிவிட்டு, அந்தப் பதினேழு பேரும் தினமும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆரிபா தன் பதிவைத் தொடர்ந்தாள், நான்மாடத்தில் சேர்க்காமல். வாசிப்பவர்கள் குறைந்தார்கள். குறைந்தால் என்ன என்று இருந்தாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவன் சாய்ராம். நான்மாடத்தில் இப்போது கருத்துச் சுதந்திரமே இல்லை, நல்ல பின்னூட்டங்களை எல்லாம் அநியாயமாக நீக்குகிறார்கள், மனசு மிகவும் வேதனைப்படுகிறது, எனவே நாகரிகமான ஒரு புதிய திரட்டி தொடங்கியிருக்கிறேன் என்று எழுதியிருந்தான். பெண் பதிவர்களுக்குப் பாதுகாப்பு முக்கியம் என்று ஒரு பத்தி. கடைசியில்: 'அங்கே மட்டுறுத்துநராக இருக்க உங்களைப் போல் கறாரான ஆள் வேண்டும் அக்கா. பழசை மனதில் வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.' கீழே ஒரு சிரிக்கும் முகம்.

ஆரிபா அதை இரண்டு தடவை படித்தாள். பக்கத்து மேசைக்காரி என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். சொல்லப்போனால் அது சரியான பதில்தான். பதில் எழுத வார்த்தை தேடவில்லை. அவனுக்கு ஒரு வார்த்தை செலவழிப்பதும் அவளுக்கு அதிகமாகப் பட்டது. குப்பை என்று குறித்து, அந்த முகவரியிலிருந்து இனி எதுவும் வராதபடி செய்தாள். பிறகு மேசையில் குவிந்திருந்த மாற்றுச் சான்றிதழ்களை இழுத்துவைத்துக்கொண்டு, முதல் பெயரை எழுதத் தொடங்கினாள்.